சூடான ஊரில் ஒரு குளிர்ந்த எஞ்சின்

நேயர்களுக்கு வணக்கம். விடிகாலையில்கூட 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத நம் சிங்கப்பூரில் கார் எஞ்சினுக்கு ஏது குளிர் என்று தோன்றும். எஞ்சினின் கணக்கு வேறு. உள்ளே ஓடும் கூலண்ட் 90 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் அது சூடான எஞ்சின். புளோக்குக் கார் நிறுத்துமிடத்தில் இரவெல்லாம் நின்ற கார் காலையில் 27, 28 டிகிரியில்தான் இருக்கும்.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது சரியான கலவை. பழைய வகை இன்ஜெக்‌ஷனில், எஞ்சின் சூடேறாதபோது பீய்ச்சிய பெட்ரோலில் ஒரு பங்கு, காற்று உள்ளே வரும் இன்டேக் குழாயிலும் வால்விலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கூடுதலாகப் பீய்ச்சுகிறது. எவ்வளவு கூடுதல்? கூலண்ட் வெப்பநிலை சென்சார் சொல்வதை நம்பித்தான். புகையை அளந்து கலவையைத் திருத்தும் ஆக்சிஜன் சென்சாரோ, ஏறக்குறைய 300 டிகிரி சூடேறும்வரை வாய் திறக்காது.

காலையில் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை, 1,200, 1,500 என்று ஏறினால் பலர் பதறுகிறார்கள். அது பழுதல்ல. காற்றை உள்ளே விடும் த்ராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, தீப்பொறியை வேண்டுமென்றே தாமதமாக்கி, சூட்டைப் புகைக்குழாய்க்கு அனுப்புகிறது ஈசியூ. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் 250 டிகிரியைத் தாண்டினால்தானே ஒழுங்காக வேலை செய்யும்! ஒரு நிமிடத்துக்குள் சத்தம் தணியத் தொடங்க வேண்டும். அதற்காக நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டாம். இங்கே அது சட்டப்படி குற்றம், எஞ்சினுக்கும் பயனில்லை. மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள்.

பட்டறைக்குப் போகுமுன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, காலையில் எஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். கூலண்ட் வெப்பநிலையும் இன்டேக் காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28, கூலண்ட் 5 என்று காட்டினால் சென்சாரோ ஒயரோ பொய் சொல்கிறது. ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். கரும்புகை வரும், தீப்பொறி பிளக் கரி பிடிக்கும். மாறாக 80 என்று காட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறும்.

சிஓஇ எனும் கார் உரிமச் சான்றிதழைப் புதுப்பித்த, பத்து வயது தாண்டிய கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது ரப்பரை. நம் வெக்கையில் வேக்குவம் குழாயும் இன்டேக் கேஸ்கெட்டும் இறுகி விரிசல் விடும். அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்து, காலையில் எஞ்சின் நடுங்கும். சூடேறி ரப்பர் விரிந்ததும் சரியாகிவிடும். ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், ஐடிலில் பிளஸ் 15, 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவுதான். த்ராட்டிலைச் சுத்தம் செய்வது கெடுதலில்லை, ஆனால் இதற்கு அது மருந்தல்ல.

காலையில் மட்டும் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றுகிறதா? சாவியை ஆன் நிலையில் இரண்டு விநாடி வைத்து, அணைத்து, மறுபடி அப்படியே செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வு தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். எஞ்சினை எழுப்புமுன் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.