அலாரம் செத்துப் போனாலும் தெரிய வேண்டும்

வணக்கம் நேயர்களே. திருட்டு அலாரம், கதவு சென்சார், கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி என்று வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சின்னச் சின்னப் பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாரக் கடைசியில் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைவிட ஆர்வமாக வந்து உட்காரும் பெரியவர்களுக்கும் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறவன் நான். அங்கே எல்இடி எரிய வைத்து முடித்ததும் அடுத்து எல்லோரும் கேட்பது, "சார், இதை வைத்து வீட்டுக்கு ஒரு அலாரம் செய்ய முடியுமா?" என்பதுதான். முடியும், தாராளமாக முடியும். ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில், இந்தக் கருவிகளுக்கு மூளையாக இருக்கிற போர்டுகள். 2005-இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், டிசைன் படிக்கிற மாணவர்கள் எளிதாகப் பயன்படுத்தட்டும் என்று உருவாக்கிய பலகைதான் ஆர்டுயினோ. அதில் எல்லோரும் வாங்குகிற ஊனோ போர்டில் 32 கிலோபைட் புரோகிராம் இடம், 2 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். உங்கள் போனில் உள்ள ஒரு படம்கூட அதற்குள் கொள்ளாது. ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அது எதேஷ்டம். அப்புறம் 2014 வாக்கில் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 சிப், வைஃபையோடு சேர்ந்து, மலிவாக வந்தது; அதற்குப் பின்னால் இஎஸ்பி32. இன்றைக்குச் சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் நுழைந்தால் போர்டு, சென்சார், ரிலே என்ற மின் ஸ்விட்ச், ஒலி எழுப்புகிற பஸ்ஸர், ஜம்பர் ஒயர் எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

சரி, பிடிவாதம் என்றேனே, அது என்ன? ஒரு அலாரம் கத்தாமல் இருக்கிறது என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, திருடன் வரவில்லை. இன்னொன்று, ஒயர் அறுந்துவிட்டது, அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது புரோகிராம் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைதிதான். வீட்டில் செய்கிற கருவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. போன் ஆப், கேமரா, முகம் அறிதல் என்று அலங்காரம் எவ்வளவு இருந்தாலும், தான் செத்துப் போனதைச் சொல்லத் தெரியாத அலாரத்தை நான் அலாரமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கிணற்று மோட்டார் கேபிளை இரவில் வெட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக. சில கிலோ செம்புக்காக ஒரு விவசாயிக்குப் புதுக் கேபிள் செலவு, வேலையாள் கூலி, நாலைந்து நாள் தண்ணீர் பாயாமல் வாடுகிற பயிர். இதற்கு என்ன செய்யலாம்? கேபிள் போகிற குழாயின் வெளிப்பக்கமாக, தனிச் சின்னக் குழாயில், மெல்லிய இரட்டை ஒயர் ஒன்றைக் கூடவே ஓட்டி, மோட்டார் பக்கத்து முனையில் இரண்டையும் சேர்த்துவிட்டால் அது ஒரு வளையம். ஷெட்டில் இருக்கிற போர்டு அந்த வளையம் முழுதாக இருக்கிறதா என்று விநாடிக்குப் பல தடவை பார்த்துக்கொண்டே இருக்கும். கேபிளை வெட்டுகிறவன் அதையும் சேர்த்து வெட்டுவான், உடனே சைரன்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒயர் சேர்ந்திருக்கும்போது அமைதி, அறுந்தால் சத்தம் என்று வைத்திருப்பது. மாற்றியும் செய்யலாம், யாராவது தொட்டால் ஒயர் சேரும், அப்போது கத்தும் என்று. பள்ளிக்கூடக் கண்காட்சியில் பிள்ளைகள் அப்படித்தான் செய்து கொண்டுவருவார்கள். ஆனால் அந்த முறையில் எலி ஒயரைக் கடித்துவிட்டால் அன்றோடு அலாரம் முடிந்தது, யாருக்கும் தெரியாது. வளையமாக வைத்தால் எலி கடித்தாலும் கத்தும். நடு ராத்திரியில் எழுப்பிவிடும்தான், இருந்தாலும் கத்தட்டும்.

விவரம் தெரிந்த திருடன் ஒருவன் வந்து, ஷெட்டுக்குப் பக்கத்திலேயே அந்த இரட்டை ஒயரைச் சீவி இரண்டையும் முறுக்கிவிட்டால்? வளையம் முழுதாக இருப்பதாகப் போர்டு நம்பிக்கொண்டிருக்கும், அவன் மீதியை வெட்டிக்கொண்டு போவான். இதற்குத் தொழில்முறை அலாரக்காரர்கள் பல காலமாகச் செய்துவருகிற ஒரு வழி இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கடைசி முனையில் ஒயரை நேராகச் சேர்க்காமல் நடுவில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது கரண்டைக் கொஞ்சம் தடுக்கிற குட்டிப் பாகத்தை, வைத்துச் சேர்க்க வேண்டும், 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் போர்டு பக்கமும் அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டிலிருந்து, வோல்ட்டேஜை அளக்கிற அனலாக் பின்னுக்குக் கொடுக்க வேண்டும். வளையத்தின் ஒரு ஒயர் அதே பின்னுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. ஊனோ போர்டு வோல்ட்டேஜை 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். எல்லாம் நன்றாக இருந்தால் இரண்டு ரெசிஸ்டரும் சமமாகப் பிரித்துக்கொள்ள, எண் 512-ஐ ஒட்டி இருக்கும். ஒயரை வெட்டினால் 1023-க்கு ஏறிவிடும். முறுக்கிச் சேர்த்தால் 0-க்கு விழுந்துவிடும். ஒரே ஜோடி ஒயர், ஐம்பது பைசா ரெசிஸ்டர், மூன்று நிலையையும் பிரித்துச் சொல்கிறது. அந்த ரெசிஸ்டர் கடைசி முனையில்தான் இருக்க வேண்டும். வசதியாக இருக்கிறது என்று ஷெட் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் பிரயோஜனம் இல்லை.

நீளமான ஒயர் பக்கத்துக் கரண்ட் லைனின் மின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. அதனால் 20 மில்லிவிநாடிக்குப் பல தடவை படித்துச் சராசரி எடுங்கள், அந்தச் சராசரி தொடர்ந்து கால் விநாடியாவது தப்பாக இருந்தால் மட்டும் சைரனைப் போடுங்கள். பொய் அலாரம் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். த்ரீ பேஸ் லைன் பக்கம் கை வைக்கிற வேலை எதுவாக இருந்தாலும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நம்முடைய 5 வோல்ட் ஒயர் அந்த லைனோடு எங்கேயும் ஒரே குழாயில் போகக் கூடாது.

அடுத்து, ஆள் அசைந்தால் கண்டுபிடிக்க எல்லோரும் வாங்குகிற பிஐஆர் சென்சார். வெள்ளைக் கிண்ணம் கவிழ்த்தமாதிரி இருக்குமே, அது. உடம்புச் சூட்டிலிருந்து வருகிற அகச்சிவப்புக் கதிரை அது பார்க்கிறது, அதுவும் இரண்டு சின்னக் கண்ணுக்கு நடுவே ஏற்படுகிற வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அதனால் குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகப் பிடிக்கும். நம் ஊரில் இதற்கு ஒரு பிரச்சினை உண்டு. சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள், தகர ஷெட்டுக்குள் சூடு நம் தோலின் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லையென்றால் சென்சார் எதைப் பார்க்கும்? குளிர்காலத்தில் 7 மீட்டரில் பிடித்தது கோடையில் கண்ணெதிரே நடந்தாலும் தடுமாறும். வாங்கினவர்கள் சென்சாரைக் குறை சொல்வார்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது. அதனால் பிஐஆர் ஒன்றை மட்டும் நம்பி விடாதீர்கள், கதவில், திறந்தால் தெரிவிக்கிற காந்த ஸ்விட்ச் ஒன்றும் சேர்ந்து இருக்கட்டும். வைஃபை போர்டை அதன் முதுகிலேயே ஒட்டி வைத்தால் காரணமே இல்லாமல் அடிக்கும் என்பதால் கொஞ்சம் ஒயர் விட்டுத் தள்ளி வையுங்கள்.

பகலில் யாராவது வந்து அந்தக் கிண்ணத்தில் டேப் ஒட்டிவிட்டுப் போனால்? அமைதிதான். அதற்கும் வழி இருக்கிறது. ஆள் நடமாட்டம் உள்ள கூடத்தில் பகல் முழுக்க ஒரு அசைவுகூடப் பதிவாகவில்லை என்றால் அதையே கோளாறு என்று எடுத்துக்கொண்டு பஸ்ஸரை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்யுங்கள். புரோகிராமில் நாலு வரிதான்.

கேஸ் சென்சாரிலும் இதே கதை. எல்பிஜிக்கு எம்கியூ-6 என்று ஒன்று வாங்குவார்கள். அதற்குள்ளே ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது, சுமார் 150 மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டு எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும். அந்த ஹீட்டர் எரிந்து போனால் சென்சார் காட்டுகிற எண் கீழே இறங்கும். கீழே என்றால் போர்டுக்கு என்ன அர்த்தம்? கேஸ் இல்லை, சுத்தமான காற்று! செத்துப் போன சென்சார் "எல்லாம் நலம்" என்று சொல்கிறது. சுத்தமான காற்றில் வழக்கமாக என்ன எண் வரும் என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அதற்கு ரொம்பக் கீழே போனாலும் கத்தும்படி எழுதுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையை ஒட்டித் தேங்கும்; சென்சாரைக் கீழே வையுங்கள். கேஸ் வந்தால் ரிலேயைத் தட்டி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிற மாதிரி நிறையப் பேர் செய்கிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள், ஒரு சின்னப் பொறி போதும். இன்னும் ஒன்று, கேஸ் விஷயத்தில் தரச்சான்று பெற்ற கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, நாம் செய்ததை அதற்குத் துணையாக வைத்துக்கொள்வதுதான் என் யோசனை.

கரண்ட், போன் இரண்டையும் சேர்த்துப் பேசிவிடலாம். கரண்ட் போகிற ராத்திரியில்தான் அலாரம் தேவை, அதனால் பேட்டரி இல்லாத அலாரத்துக்கு அர்த்தம் இல்லை. எஸ்எம்எஸ் அனுப்ப சிம்800எல் மாட்யூல் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அது 2ஜி மட்டும்தான் பேசும். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. சிக்னல் தேடும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து கொடுத்தால் தானாக ஆஃப் ஆகி ஆகி எழும். லித்தியம் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்து, பக்கத்தில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போடுங்கள், அந்த நொடிக்கான கரண்டை அது சேமித்துக் கொடுக்கும்.

இனி முக்கியமானது. தோட்டத்து ஷெட்டில் இருக்கிற போர்டு உயிரோடு இருக்கிறதா என்று வீட்டுக்கு எப்படித் தெரியும்? தினமும் காலையில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் செய்யலாம், ஆனால் வராத எஸ்எம்எஸை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே வீட்டில் இரண்டாவது போர்டு ஒன்று வேண்டும். தோட்டத்துப் போர்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அஞ்சு நிமிடம் அந்தக் குரல் வரவில்லையென்றால் வீட்டுப் போர்டு தானே கத்த வேண்டும். கிட்டத்தில் என்றால் இரண்டு இஎஸ்பி32 வைத்து இஎஸ்பி-நவ் முறையில் ரவுட்டரே இல்லாமல் பேசிக்கொள்ளலாம். தூரம் என்றால் லோரா என்ற நீள்தூர ரேடியோ மாட்யூல். இந்தியாவில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குள் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருடன் போர்டையே பிடுங்கி எறிந்தாலும் அஞ்சு நிமிடத்தில் வீட்டில் சத்தம் கேட்கும். இந்த ஒரு ஏற்பாடு இருந்தால் மற்றக் கோளாறுகளில் பாதியை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். புரோகிராம் தொங்கி நின்றால் போர்டைத் தானாக ரீசெட் செய்கிற வாட்ச்டாக் டைமர் இந்தச் சிப்புகளில் எல்லாம் இருக்கிறது, அதையும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

கதவுப் பூட்டு செய்து தரச் சொல்லிக் கேட்பார்கள், கார்டு காட்டினால் திறக்கிற மாதிரி. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆர்சி522 என்ற கார்டு ரீடரோடு வருகிற கார்டுகளின் ரகசியக் குறியீட்டு முறையை 2008-லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதிலும் பெரும்பாலான புரோகிராம்கள் கார்டின் எண்ணை மட்டும் பார்த்துத் திறந்துவிடும், அந்த எண்ணைக் காப்பி அடித்த கார்டு எளிதாகக் கிடைக்கும். இதைவிடப் பெரிய பயம், தீப்பிடித்த நேரத்தில் ரிலே ஒட்டிக்கொண்டு கதவு திறக்காமல் போவது. நாம் செய்கிற கருவி பார்க்கட்டும், கத்தட்டும். ஆளை உள்ளே வைத்துப் பூட்டுகிற அதிகாரம் அதற்கு வேண்டாம்.

கேமரா வைக்கிறவர்கள் ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி செய்யாதீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும், கேமராப் பதிவுப் பெட்டிகளான டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. இஎஸ்பி32 கேமரா படம் எடுத்து டெலிகிராம் ஆப்பில் பாட் என்ற தானியங்கிக் கணக்கு வழியாக உங்களுக்கு அனுப்பட்டும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு வாசலைப் பார்க்காத மாதிரி கேமராவைத் திருப்பி வையுங்கள்.

அப்புறம், இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. "ஷாக் அடிக்கிற மாதிரி ஏதாவது செய்யலாமா சார்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப் போயின. கூட வந்த குட்டிகள் அந்த உடல்களை விட்டு நகராமல் நின்றன. லைன் கரண்டைக் கம்பியில் விடுகிறவருக்கு அதில் கால் வைக்கப் போவது திருடனா, மாடா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று தெரியாது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஊனோ போர்டு ஒன்று, கதவுக் காந்த ஸ்விட்ச் ஒன்று, ஒரே அளவில் இரண்டு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர் வாங்கிக்கொள்ளுங்கள். வளையம், மூன்று நிலை, இரண்டையும் மேஜைமேல் செய்து பாருங்கள். ஓடத் தொடங்கியதும் ஒயரைப் பிடுங்குங்கள், வளையத்தின் இரண்டு ஒயரையும் ஷார்ட் செய்யுங்கள், அடாப்டரைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் அது என்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாட்டிய பிறகும் மாதம் ஒரு முறை அதே தாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்து பாருங்கள், அந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டால் ஒரு மாதம்கூட விடாமல் செய்வார்கள். வணக்கம்.