பால் கொடுக்கிறீங்களாம்மா?

(உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி எங்கள் ஊர் கிளை நூலகத்தில் பேசியது. அன்றைக்கு வர முடியாதவர்கள் கேட்டார்கள், அதனால் எழுதிப் போடுகிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

காலையிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டு, களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் இங்கே தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே (இவரிடம் வேலை பார்த்த காலத்தில் லீவு கேட்டால் கொடுத்துவிடுவார், மருந்து இருப்பு குறைந்தால் மட்டும் விடமாட்டார், அந்தக் கண்டிப்பால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்), விடுமுறை நாளிலும் கதவைத் திறந்துவைத்த நூலகர் ஐயா அவர்களே, வாசகர் வட்டப் பொறுப்பாளர்களே, கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் மெடிக்கல் ஷாப் அண்ணன்மார்களே, கிராம சுகாதாரச் செவிலியர் சகோதரிகளே, அங்கன்வாடித் தங்கைகளே, மைக் கட்டிக்கொடுத்த தம்பிகளே, கைக்குழந்தையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மகள்களே. ஏன் பின்னால் உட்காருகிறீர்கள்? முன்னால் வாருங்கள். குழந்தை அழுதால் அழட்டும், உங்களுக்காகத்தான் இந்தக் கூட்டமே.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே நின்று, வெளியே நீளுகிற கைகளைப் பார்த்தே காலம் போனது. அந்த ஜன்னலில் கற்றதில் மூன்று விஷயங்களைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். தாய்க்கு நோய் வந்தால் பால் கொடுக்கலாமா, தாய் மாத்திரை சாப்பிட்டால் கொடுக்கலாமா, நாட்டு மருந்தும் லேகியமும் சாப்பிட்டால் என்ன செய்வது. இந்த மூன்றும்தான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தை ஏன் கொண்டாடுகிறோம் என்று அழைப்பிதழைப் பார்த்து ஒரு தம்பி கேட்டார். 1990 ஆகஸ்டில் இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் கூடி, தாய்ப்பாலைக் காப்பாற்ற வேண்டும் என்று இன்னொசென்டி பிரகடனம் வெளியிட்டார்கள். அதன் நினைவாக 1992-லிருந்து இந்த வாரம் நடக்கிறது. அதே 1992-ல்தான் நம் நாட்டிலும் பால் பவுடர், பால் பாட்டில் விளம்பரங்களுக்குத் தடை போட்டுச் சட்டம் வந்தது. டின்னை விளம்பரம் செய்யக் கூடாது, ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கக் கூடாது, எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் காய்ச்சலோடு வருகிற தாயிடம் "ஒரு வாரத்துக்குப் பாலை நிறுத்து" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், விளம்பரமே இல்லாமல் டின் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதற்குச் சட்டம் இல்லை. என் கவலை அதுதான்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. சொத்துத் தகராறில்தான் இதைச் சொல்வார்கள். நான் ஜன்னலில் நின்று எத்தனையோ தாய்மார்களுக்கு இதையே மருந்துப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். நீ விழுங்குகிற மாத்திரை உன் வயிற்றுக்குப் போகிறது, பிள்ளை வயிற்றுக்குப் போகவில்லை. உன் குடல் உறிஞ்சி, உன் ஈரல் ஒரு பங்கைச் சிதைத்து, மீதி உன் உடம்பு முழுக்க ஓடுகிற ரத்தத்தில் கரைந்து, அதிலிருந்து கொஞ்சம் பாலுக்குள் இறங்கி, அந்தப் பாலைப் பிள்ளை குடித்த பிறகு அதன் வயிறும் தன் பங்குக்குக் கொஞ்சத்தை அழிக்கும். எடைக்கு எடை கணக்குப் பார்த்து, தாய் சாப்பிடும் அளவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகப் பிள்ளைக்குப் போனால் பெரும்பாலும் பயமில்லை என்று மருந்தியலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாம் அன்றாடம் கொடுக்கும் மருந்துகளில் மிகப் பல அந்தப் பத்துக்குக் கீழேதான். இன்சுலின் மாதிரிப் பெரிய மூலக்கூறுகள் பாலில் இறங்குவதே அரிது, இறங்கினாலும் பிள்ளை வயிறு அதைச் செரித்துவிடும்.

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கைக்குழந்தைக்கே கொடுக்கிறோம். அமாக்ஸிசிலினும் அப்படித்தான், சளி நெஞ்சுக்கு இறங்கினால் டாக்டரே எழுதுகிறார். பிள்ளைக்கு நேரடியாகக் கொடுக்கிற மருந்தைத் தாய் சாப்பிட்டால் மட்டும் பால் எப்படி விஷமாகும்?

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பிள்ளைக்கு நாலு மாதம். ஒருநாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மார்பு சிவந்து கல்லாகிவிட்டது. பால் கட்டிக்கொண்டது. தனியார் இடம் ஒன்றில் காட்டினார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து, "இது முடிகிற வரைக்கும் பால் கொடுக்காதே" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியார் நல்ல மனுஷி. டாக்டர் சொல்லிவிட்டாரே என்று மகனை விரட்டி டின் வாங்கிவரச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி வந்து, பால் வற்ற வேண்டுமென்றால் மல்லிகைப் பூ வைத்துக் கட்டு என்றாள். இரண்டு முழம் மல்லிகை வாங்கி மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பிள்ளையோ டின் பாலைத் துப்புகிறது. ராத்திரி முழுக்க அழுகை, தெருவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் திருநீறு கொண்டுவருகிறார், இன்னொருவர் வசம்பு கொண்டுவருகிறார், அந்தப் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து, பால் வழிய வழியத் தானும் அழுகிறாள். விடியக்காலையில் பசி தாங்காமல் பிள்ளை பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, அவளைத் தவிர.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் இன்னும் ஏறி, எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கூடவே மாமியாரின் மாமியார், எண்பதைத் தாண்டிய அப்பத்தாவும் வந்திருந்தார். டாக்டரம்மா கட்டைப் பிரித்தால் வாடிய பூ கொட்டுகிறது. தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் சீழ் கட்டவில்லை, தப்பித்தாய், இப்போதே பிள்ளையை மார்பில் போடு" என்றார். மாமியார் பதறிப்போய், "ஐயோ டாக்டரம்மா, காய்ச்சல் பாலு பிள்ளைக்கு ஆவாதே, மாத்திர வேற சாப்பிடுறா" என்றார். அதுவரைக்கும் வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருந்த அப்பத்தா எழுந்தார். "ஏண்டி, நடவுக்குப் போயிட்டு மழையில நனைஞ்சு, குளுரு காய்ச்சலோட வந்துதான் உன் புருசனுக்குப் பால் குடுத்தேன். இந்தா வாசல்ல ஆட்டோக்காரன்கிட்ட சில்லறைக்குச் சண்ட போட்டுக்கிட்டு நிக்கிறானே, அவனுக்கு என்ன கொறச்ச?" ஓபி என்கிற வெளிநோயாளர் பிரிவில் நின்ற அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியாரும் சிரித்துவிட்டார். சண்டை அதோடு முடிந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. பாட்டிலுக்குப் பழகிய பிள்ளை மார்பைப் பிடிக்கவே இல்லை. கையால் பீய்ச்சிப் பாலாடைச் சங்கால் ஊட்டிக்கொண்டே, திரும்பத் திரும்ப மார்பில் போட்டுப் பார்த்து, ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நான் கொடுத்தது க்ளாக்ஸாசிலினும் பாராசிட்டமாலும்தான், அவளுக்கு முதலில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டிலும் அதே மருந்துதான் இருந்தது! பால் கட்டிய மார்பிலிருந்து பாலை எடுக்காமல் அடைத்துவைத்தால்தான் சீழ் கட்டி, கத்தி வைக்கிற நிலை வரும். பிள்ளை குடிப்பதுதான் அங்கே பாதி வைத்தியம். குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம், பால் கட்டிய இடத்தைப் போட்டு அழுத்திப் பிசையக் கூடாது என்றுதான் இப்போது சொல்கிறார்கள்.

சரி, நோய்க்கு வருவோம். சளி, இருமல், வைரஸ் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, டெங்கு, எதற்கும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. உங்களுக்குக் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் கிருமி பிள்ளையை எட்டியிருக்கும். உங்கள் உடம்பு அதை எதிர்த்துத் தயாரிக்கிற எதிர்ப்புப் பொருள் பாலில்தான் வருகிறது, அந்த நேரம் பார்த்துப் பாலை நிறுத்தினால் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்? முகக்கவசம் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கொடுங்கள். கொரோனா வந்த புதிதில் பெற்ற பிள்ளையைக் கண்ணாடி வழியாகப் பார்த்த தாய்மார்கள் உண்டு. 2020 ஜூனிலேயே உலக சுகாதார நிறுவனம் தாயையும் சேயையும் பிரிக்காதீர்கள், பால் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டது. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற தாயும் கொடுக்கலாம், பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தனியாக உண்டு, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். மஞ்சள் காமாலை பி கிருமி இருக்கிற தாய் என்றால் பிள்ளை பிறந்தவுடன் ஊசிகள் போட்டுவிட்டுக் கொடுக்கலாம். எச்ஐவி உள்ள தாய்கூட, கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்தை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு, அதைக் கொடுக்கும் மையத்தில் சொல்கிறபடி நடந்தால் பால் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய நிலை. நாய் கடித்துத் தடுப்பூசி போடுகிற தாய், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற தாய், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிற தாய், எக்ஸ்ரே எடுத்த தாய், இவர்களெல்லாம் என் ஜன்னலில் "பாலை நிறுத்தச் சொன்னாங்க" என்று சொன்னவர்கள். ஒருவர்கூட நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லா மாத்திரையும் வெல்லம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப் அண்ணன்மார்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் வலி மாத்திரையும் பால் கொடுப்பவர்களுக்கு வேண்டாம் என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது, பிள்ளைக்கு மயக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம். ஆஸ்பிரினை வலிக்கும் காய்ச்சலுக்கும் எடுக்க வேண்டாம், பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ போதும். மூக்கடைப்புக்கு என்று கேட்டு வாங்குகிற கூட்டு மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் பால் சுரப்பையே குறைத்துவிடும், "எனக்குப் பால் ஊறலை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சளிக்கு என்ன சாப்பிட்டாய் என்றுதான். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்குப் பாலை நிறுத்தத்தான் வேண்டும், புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கும் அப்படியே. வலிப்பு, மனநோய் மருந்துகளை நீங்களாகவே நிறுத்தவே கூடாது, எது பொருந்தும் என்று டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளை, குறைமாதப் பிள்ளை என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அதன் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் முழுசாக வேலைக்கு வரவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதை இந்தப் பக்கமும் பார்க்க வேண்டும், உங்கள் வயிறு தாங்குவதைப் பச்சைப்பிள்ளை வயிறு தாங்காது.

இத்தனை விவரத்தையும் ஒரு தாய் மனப்பாடம் செய்ய முடியுமா? முடியாது, செய்யவும் வேண்டாம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் லாக்ட்மெட் என்று ஒரு தகவல் தொகுப்பை இலவசமாகவே வைத்திருக்கிறது, மருந்தின் பெயரைப் போட்டால் பாலில் எவ்வளவு போகிறது என்று காட்டும். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் டாக்டரும் மருந்தாளுநரும் போனில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டுமே, அதற்கு எதிரே நிற்பவள் பால் கொடுக்கிற தாய் என்று தெரிய வேண்டுமே! கேட்கிறவர் யார்? எக்ஸ்ரே அறை வாசலில் "கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று எழுதியிருக்கிறது. கர்ப்பம் என்றால் அரசுப் பதிவுக்கான பிக்மி எண், அட்டை, வீடு தேடி வருகிற செவிலியர் என்று எல்லா ஏற்பாடும் இருக்கிறது. பிள்ளை பிறந்து வீட்டுக்குப் போன பிறகு, காய்ச்சல் என்று வந்து நிற்கும் அதே பெண்ணை "பால் கொடுக்கிறீங்களாம்மா" என்று ஒருவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. கூச்சம், பக்கத்தில் ஆண்கள், பின்னால் வரிசை.

அதனால்தான் நானும் சில செவிலியர் தங்கைகளும் சேர்ந்து ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்திருக்கிறோம். ஓபி சீட்டு போடுகிற இடத்தில் "பாலூட்டும் தாய்" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்க வேண்டும். பெயர் எழுதுகிறவர் கேட்டுவிட்டுக் குத்த வேண்டும். அந்த முத்திரையைப் பார்த்தால் டாக்டர் மருந்தை யோசித்து எழுதுவார், மருந்தாளுநர் ஒரு முறை சரிபார்ப்பார், பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொள் என்று ஜன்னலில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார். "பாலை நிறுத்து" என்று எழுத வேண்டி வந்தால், எந்த மருந்துக்காக, எத்தனை நாள், அதுவரை எப்படிப் பீய்ச்ச வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதட்டும். மெடிக்கல் ஷாப் வாசலில் ஒரு பலகை, "நீங்கள் பால் கொடுக்கும் தாயா? மருந்து வாங்கும்முன் சொல்லுங்கள்." இவ்வளவுதான் கேட்கிறோம். ஒரு ஸ்டாம்ப், ஒரு மைப்பெட்டி, ஒரு பலகை. நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை வைத்த மாநிலம் இது, இந்தச் சின்ன முத்திரை நமக்குப் பெரிய காரியமா? வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள் தலையாட்டுகிறார், அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறேன்.

நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன், நேரம் ஆகிவிட்டது. ஒன்று மட்டும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தையும் லேகியத்தையும் "இயற்கைதானே" என்று சாப்பிடாதீர்கள், தகுதி பெற்ற சித்த மருத்துவர் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104 என்கிற மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் போடுங்கள், மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. நகர்மன்றத்துக்கு ஒன்று, மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒன்று, இரண்டிலும் கையெழுத்து வேண்டும். மாமியார்கள் அவசியம் போட வேண்டும், உங்கள் கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். கைக்குழந்தைக்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், தங்கைகள் உங்கள் இடத்துக்கே கொண்டுவருவார்கள். எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.