சர்வதேசக் கோப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்
(மெல்பர்ன் தமிழர் விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்திய மூத்த கிரிக்கெட் பயிற்சியாளர் ஐயா அவர்களே, விடியற்காலைக் குளிரில் வந்து திடலுக்குக் கோடு போட்ட தம்பிகளே, மதியச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்த அக்காமார்களே, அனைவருக்கும் என் வணக்கம். நகரசபை உறுப்பினர் சென்ற ஆண்டு வந்தபோது திடலில் விளக்கு இல்லை என்று சொன்னோம். இன்று விளக்கு எரிகிறது. அதற்கு இந்த மேடையிலிருந்து தனியாக ஒரு நன்றி.

ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, வெளிநாடுகளில் வளர என்ன வழி என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன்: திடல், ஆட்டக்காரர், பள்ளிக்கூடம்.

முதலில் திடல். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்த ஆட்டம் பிறந்த கதையே அதுதான். 1858 ஜூலையில் டாம் வில்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் விக்டோரியாவின் பேர்பெற்ற கிரிக்கெட் வீரர். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு கால்பந்து மன்றம் தொடங்குங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். மறு ஆண்டு மே மாதம் மெல்பர்னில் கூடி உட்கார்ந்து பத்து விதிகள் எழுதினார்கள். கிரிக்கெட்டை ஓரங்கட்ட வந்த ஆட்டம் இல்லை இது. கிரிக்கெட்டுக்குத் துணையாகப் பிறந்தது. இன்றைக்கும் நமது பேட்டையில் கோடையில் பேட் சத்தம் கேட்கிற அதே திடலில்தான் ஏப்ரல் ஆனால் நான்கு கம்பங்கள் நிற்கின்றன.

வெளிநாட்டில் இந்த வசதி கிடையாது. நீளமே 135 மீட்டருக்குக் குறையாத முட்டை வடிவத் திடலுக்கு பெர்லினிலும் பாரிசிலும் எங்கே போவது? அங்கிருப்பவை சாக்கர் திடலும் ரக்பி திடலும். ஐரோப்பாவில் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் என்பதை ஒன்பதாக்கி, இருக்கிற திடலிலேயே ஆடுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளின் ஃபூட்டிப் போட்டியான யூரோ கோப்பை அப்படித்தான் நடக்கிறது. யாரையும் திடலைவிட்டு எழுப்பவில்லை. அவர்கள் ஆடி முடித்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பசிபிக் கடலில் நவ்ரு தீவு இருக்கிறது, மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். ஃபூட்டியைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடுகிறார்கள். நமது விக்டோரியாவின் கிலாங் நகருக்குப் படிக்க வந்த பிள்ளைகள் ஊர் திரும்பும்போது கொண்டுபோன ஆட்டம். அவர்கள் ஆடும் லிங்க்பெல்ட் ஓவல் திடலில் புல் கிடையாது, பாஸ்பேட் புழுதிதான். விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். அதே தீவு பளு தூக்குவதிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

சரி, ஆட்டக்காரருக்கு வருவோம். டப்ளினிலிருந்து வந்த ஜிம் ஸ்டைன்ஸ், 1991இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். தொடர்ந்து 244 ஆட்டம் ஆடிய மனிதர். ஆனால் பிள்ளைகளுக்காக இன்னொருவர் கதையைச் சொல்கிறேன்.

அயர்லாந்தில் கெர்ரி மாவட்டம், லிஸ்டோல் என்று ஒரு ஊர். அங்கே டைக் கென்னலி என்று ஒரு பையன். அப்பா டிம் கென்னலி, அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில் கெர்ரிக்காக ஐந்து முறை அகில அயர்லாந்துக் கோப்பை வென்றவர். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் 1999இல் சிட்னி ஸ்வான்ஸ் ஃபூட்டி மன்றத்தில் சேர வருகிறான். அங்கே ஆடியது உருண்டைப் பந்து, இங்கே முட்டைப் பந்து. தரையில் தட்டினால் எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது! ஓடிக்கொண்டே அதைத் தட்டிப் பிடிக்க வேண்டும். கற்றுக்கொண்டான். 2005 செப்டம்பர், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்சிஜி திடல், லீக்கின் இறுதி ஆட்டம். எதிரே வெஸ்ட் கோஸ்ட். கடைசி நொடிகளில் சிட்னிக்கு நான்கே புள்ளி முன்னிலை. பந்து உயரப் போகிறது, இரண்டு அணிக்காரர்களும் கூட்டமாக எழும்புகிறார்கள், நடுவே சிட்னியின் லியோ பாரி தாவிப் பிடிக்கிறார். சங்கு ஊதிவிட்டது! 72 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மன்றத்துக்குக் கோப்பை. பதக்கம் வாங்க மேடை ஏறிய நம்ம பையன் என்ன செய்தான்? அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, பூட்ஸ் காலோடு தன் ஊர் நாட்டுப்புற ஆட்டத்தை ஒரு குத்து ஆடினான்.

அதே டிசம்பரில் அப்பா காலமானார். மகன் இன்னும் மூன்று பருவம் ஆடினான். அப்புறம், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். கேலிக் கால்பந்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அப்பா போட்ட அதே கெர்ரி சட்டையைப் போட்டுக்கொண்டு 2009இல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றான். அதையும் முடித்து மறுபடி சிட்னிக்கு வந்து ஆடினான். இரண்டு கோப்பையும் வாங்கிய முதல் ஆள் அவன்தான்.

எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று அயர்லாந்துக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். நியாயமான வருத்தம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் அடுத்த தெருக்காரனின் வடத்தை அறுத்துக்கொண்டு வருவதல்ல. போன பையன் திரும்பி வந்து ஆட வழி வைக்க வேண்டும். கூடைப்பந்திலிருந்து வந்த அமெரிக்கர் மேசன் காக்ஸ், ரக்பியிலிருந்து வந்த கனடாக்காரர் மைக் பைக், இருவரும் இங்கே இறுதி ஆட்டம் வென்றார்கள். மகிழ்ச்சி. ஆனால் அது இங்குள்ள மன்றங்கள் வளர்ந்த கதை, அங்கே ஆட்டம் வளர்ந்த கதை அல்ல.

அங்கே வளர வேண்டுமென்றால் சர்வதேசக் கோப்பை வேண்டும், அதாவது நாடுகளுக்கு இடையிலான ஃபூட்டிப் போட்டி. நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். 2002 முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நடந்தது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆஸ்திரேலியர் அந்த அணிகளில் ஆட முடியாது. அந்தந்த நாட்டுப் பிள்ளைகள்தான் ஆட வேண்டும். எவ்வளவு அருமையான விதி! ரக்பி லீக் என்றால் உயிரை விடும் பப்புவா நியூகினி, 2008, 2014, 2017 என மூன்று முறை வென்றது. ரக்பி லீக்கை அவர்கள் விட்டுவிடவும் இல்லை. 2017இல் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் மூன்றும் வந்தன. மூன்றும் கிரிக்கெட்டே மூச்சான நாடுகள். 2020 கோப்பையைக் கொரோனா நிறுத்தியது. அதோடு போயிற்று, திரும்ப நடக்கவே இல்லை.

ஷாங்காயில் 2017 முதல் மூன்று ஆண்டு, இங்குள்ள மன்றங்கள் மோதும் லீக் ஆட்டம் நடத்தினார்கள். அதற்கு முன்னின்ற போர்ட் அடிலெய்டு மன்றத்தின் முயற்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் நமது வீரர்கள் அங்கே போய் ஆடிக் காட்டினால் ஒரு நாள் கூட்டம் வரும். அவர்கள் பிள்ளைகள் இங்கே வந்து தம் நாட்டுச் சட்டையில் ஆடினால், ஊர் போய்த் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஊர் கூடித்தான் தேர் ஓடும். எல்லா ஊரும் கூட இருந்த ஒரே இடம் அந்தக் கோப்பைதான்.

தலைவர் மணி பார்க்கிறார். பள்ளிக்கூடம் பற்றி இன்னொரு மேடையில் பேசுவோம். வாசல் பக்கம் மேசையில் ஃபூட்டி லீக்கை நடத்தும் ஏஎஃப்எல் நிர்வாகத்துக்கு, அந்தக் கோப்பையைத் திரும்ப நடத்தக் கேட்டு ஒரு மனு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள், தபால் குறியீட்டெண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். முதல் கையெழுத்தை நகரசபை உறுப்பினர் போட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பேனாவோடு நான் அங்கேயே நிற்கிறேன். வணக்கம்.