மாதிரி ராக்கெட்: மோட்டாரை வாங்குங்கள், வடிவத்தை வரையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடையில் விற்கும் பாகத் தொகுப்பை வாங்கிப் பொருத்தாமல், தாமே கணக்கிட்டு வரைந்த ஒரு மாதிரி ராக்கெட்டை அட்டை, பால்சா மரம், பசை ஆகியவற்றைக் கொண்டு வீட்டு மேசையிலேயே உருவாக்குவது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள். இதில் வடிவமைப்பவர் கைவைக்கக் கூடாத பாகம் ஒன்று உண்டு, அது மோட்டார், அதாவது எரிந்து ராக்கெட்டை உந்தும் எரிகலவை அடைத்த குழாய்.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் விண்ணில் ஏறிய பின், அமெரிக்காவில் சிறுவர்கள் பலர் தாமே கலந்த எரிகலவையை உலோகக் குழாய்களில் அடைத்துப் பற்றவைத்தனர். விரல்களும் கண்களும் போயின, சில உயிர்களும் போயின. இதற்கான மாற்று நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் முன்பே உருவாகியிருந்தது. அங்கே காலணிக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைலும் அவருடைய சகோதரர் ராபர்ட்டும் 1954-இல் காகித உடலும், மாற்றிப் பொருத்தக்கூடிய மோட்டாரும், இறங்குவதற்குப் பாராசூட்டும் கொண்ட சிறு ராக்கெட்டை அமைத்தனர். இளைஞர்களின் விபத்துகளைப் பற்றி ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளப் பொறியாளர் ஹாரி ஸ்டைன் எழுதிய கட்டுரையைப் படித்த கார்லைல், தம் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். ஆலையில் தயாரித்துச் சோதித்த மோட்டாரை மட்டுமே பயன்படுத்துவது என்ற விதி அங்கிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கின் அடித்தளமாயிற்று. இவ்விதி வடிவமைப்பாளரின் சுதந்திரத்தைக் குறைக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. உந்துவிசை எவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் மற்ற எதையும் கணக்கிட முடியும் என்பது என் எண்ணம்.

மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. பி6-4 என்றால், ‘பி’ என்ற எழுத்தின்படி அதன் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவு, 2.5 முதல் 5 நியூட்டன்-வினாடிக்குள் அடங்கும். சராசரி உந்துவிசை 6 நியூட்டன். எரிந்து முடிந்து 4 வினாடிகள் கழித்து உள்ளிருக்கும் சிறு மருந்து வெடித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். ராக்கெட்டின் மொத்த எடை 60 கிராம் என்றால் உந்துவிசை அதன் எடையைப் போல் பத்து மடங்கு ஆகிறது. புறப்படும்போது ராக்கெட்டை நேராகச் செலுத்தும் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏவுகம்பியை விட்டு நீங்கும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் இருக்கும். காற்று வேகமாக மோதினால்தான் வால் சிறகுகள் வேலை செய்யும் என்பதால், இந்த வேகத்தில் கஞ்சத்தனம் கூடாது.

இனி வடிவத்தின் உயிர்நாடிக்கு வருவோம். பறக்கும் ராக்கெட் தன் ஈர்ப்பு மையத்தை, அதாவது எடை சமநிலை கொள்ளும் புள்ளியை, சுற்றியே திரும்பும். பக்கவாட்டுக் காற்றின் விசை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளத்தக்க புள்ளி அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னாலும், அழுத்த மையம் குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு பின்னாலும் இருந்தால், விலகிய ராக்கெட் தானாக நேராகும். இடம் மாறினால் கரணம் அடிக்கும். நாசாவின் ஆய்வு ராக்கெட்டுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் பேரோமேன் 1966-இல் அழுத்த மையத்தைக் கணக்கிடும் எளிய வாய்பாடுகளை மாதிரி ராக்கெட் ஆர்வலர்களுக்கு அளித்தார். அவற்றை வானொலியில் சொல்லிப் புரியவைக்க இயலாது. ஓர் எடுத்துக்காட்டின் விடைகளை மட்டும் சொல்கிறேன்.

குழாயின் விட்டம் 25 மில்லிமீட்டர், மூக்குக் கூம்பு வளைந்த வடிவில் 80 மில்லிமீட்டர், மொத்த நீளம் 450 மில்லிமீட்டர் என்று கொள்வோம். வாலில் மூன்று சிறகுகள். குழாயோடு ஒட்டும் விளிம்பு 60, வெளி விளிம்பு 40, குழாயிலிருந்து நீட்டம் 50 மில்லிமீட்டர். பின்விளிம்பு குழாய்க்குச் செங்குத்து. அழுத்த மையம் மூக்கு நுனியிலிருந்து சுமார் 383 மில்லிமீட்டரில் விழுகிறது. நீட்டத்தை மட்டும் 25 ஆக வெட்டினால் அது சுமார் 333-க்கு, அதாவது இரண்டு விட்டம் முன்னே வந்துவிடுகிறது. ஈர்ப்பு மையம் 300-இல் இருந்தால் முதல் வடிவத்துக்கு மூன்று விட்டத்துக்கு மேல் இடைவெளி, இரண்டாவதற்கு ஒன்றேகால் விட்டத்துக்குச் சற்றுக் கூடுதல். புதியவர்கள் பெரிய சிறகே பாதுகாப்பு என்று எண்ணுவார்கள். ஆனால் இடைவெளி மிகுந்த ராக்கெட் காற்று வரும் திசை நோக்கிச் சாய்ந்து, உயரத்தையும் இழந்து, வெகுதொலைவில் போய் விழும். சிறிய சிறகையே நான் தேர்ந்தெடுப்பேன். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வாக 2009-இல் உருவான ஓப்பன்ராக்கெட் என்னும் இலவச மென்பொருள் இக்கணக்கை நொடியில் செய்துவிடும் என்றாலும், ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பவருக்கே எந்த அளவு எதை அசைக்கிறது என்று புரியும்.

கட்டுவதில் நான் வற்புறுத்துவது, பால்சாவின் நார் சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும் என்பது; குறுக்கே ஓடினால் முதல் இறக்கத்திலேயே சிறகு முறியும். குழாயைச் சுற்றி ஒரு காகித நாடாவை ஒட்டி, அதன் நீளத்தை மூன்றாகப் பிரித்துக் குறித்தால் சிறகுகளின் இடம் பிசகாது. முடிந்தபின் மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்து, சமநிலைப் புள்ளியில் நூலைக் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னோக்கிச் சென்றால் நன்று. வால் முந்தினால் கூம்புக்குள் சிறிது களிமண் சேர்த்து மறுபடி சுழற்ற வேண்டும். எரியாத மோட்டாரோடுதான் இச்சோதனை செய்ய வேண்டும், ஏனெனில் எரிபொருள் குறையக் குறைய ஈர்ப்பு மையம் முன்னேறும். புறப்படும் கணமே ஆபத்தானது.

இந்த மோட்டார்களை விற்கவும் வைத்திருக்கவும் எல்லா நாட்டுச் சட்டமும் எளிதில் இடம் கொடுப்பதில்லை. அனுமதி இல்லாத இடத்தில் மோட்டாரின் எடைக்கு ஈடாக ஒரு மரத்துண்டைச் செருகி, சுழற்சிச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். அனுமதி உள்ள இடத்தில் திறந்த வெளியில், மின்கம்பிவழிப் பற்றவைப்பால், 5 மீட்டராவது தள்ளி நின்று ஏவ வேண்டும். பற்றாவிட்டால் பற்றவைக்கும் கருவியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு, 60 வினாடிகள் கழிந்த பின்பே அருகில் போகலாம். முதல் பறப்புக்கு ஏ8-3 போன்ற சிறிய மோட்டாரே பொருத்தம். ராக்கெட் பார்வைக்குள்ளேயே இருக்கும். பாராசூட் உச்சிக்கு முன் விரிந்ததா, பின் விரிந்ததா என்று கண்டு, அடுத்து வாங்கும் மோட்டாரின் தாமத எண்ணை, அதாவது குறியீட்டின் கடைசி எண்ணை, முடிவு செய்யலாம். நன்றி, வணக்கம்.