டிசம்பர் 31 கணக்கு

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"சிறைப் புள்ளிவிவரம் காட்டுவது நாட்டின் குற்றத்தையா, நீதிமுறையின் நடையையா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை எடுத்துக் காட்டி, தண்டனைக் கைதிகளில் கொலைக் குற்றத்துக்காக இருப்பவர்களே அதிகம் என்றார். உண்மை. நாங்கள் மறுக்கவில்லை. ஆகவே இந்த நாட்டில் கொலைதான் மலிந்து கிடக்கிறது என்று அடுத்த மூச்சில் சொன்னாரே, அதைத்தான் மறுக்கிறோம்.

அந்த அட்டவணை எந்த நாளின் கணக்கு என்று பாருங்கள். டிசம்பர் 31ஆம் தேதி யார் உள்ளே இருந்தார்கள் என்ற ஒரே நாள் கணக்கு அது. 2021இல் அந்த நாளில் சிறைகளில் இருந்தவர்கள் 5,54,034 பேர். அந்த ஆண்டு முழுவதும் சிறை வாசலுக்குள் அனுமதிக்கப்பட்டவர்களோ 18 லட்சத்துக்கும் மேல். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்து போனவர்களை விட்டுவிட்டு, கடைசியில் இலைமுன் இருப்பவர்களை மட்டும் எண்ணி "இவ்வளவுதான் வந்தார்கள்" என்று சொல்ல முடியுமா?

ஒரு கற்பனைச் சிறையை வைத்துக் கணக்குப் போடுவோம். மாதம் 100 பேர் திருட்டுக்காக மூன்று மாதத் தண்டனையோடு வருகிறார்கள். மாதம் 10 பேர் கொலைக்காக வந்து 14 ஆண்டுகள் இருக்கிறார்கள். எந்த நாளில் எண்ணினாலும் திருட்டுக்காக இருப்பவர்கள் 100 பெருக்கல் 3, அதாவது 300 பேர். கொலைக்காக இருப்பவர்கள் 10 பெருக்கல் 168 மாதம், அதாவது 1,680 பேர். வாசல் வழியாக வந்தவர்களில் திருட்டு பத்து மடங்கு. அட்டவணையில் கொலை ஐந்தரை மடங்குக்கும் மேல்! குற்றத்தின் எண்ணிக்கையைத் தண்டனையின் நீளம் தலைகீழாக்கிவிட்டது.

14 ஆண்டு என்பதும் சும்மா எடுத்த எண் அல்ல. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டுகளுக்கு முன் தண்டனைக் குறைப்பில் விடக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அந்த விதி நீடிக்கிறது. (அரசமைப்பின் 161ஆவது பிரிவுப்படி ஆளுநருக்கு உள்ள தண்டனையைக் குறைக்கும், மன்னிக்கும் அதிகாரம் வேறு.) தண்டனைக் கைதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆயுள் கைதிகளாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இன்னொரு கூட்டம் இந்த அட்டவணைக்குள் வருவதே இல்லை. பிணைக்கு ஆளில்லாத ஒருவர் திருட்டு வழக்கில் எட்டு மாதம் விசாரணைக் கைதியாக இருக்கிறார். தீர்ப்பில் ஆறு மாதத் தண்டனை. இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வேறு வழக்கு இல்லையென்றால் தீர்ப்பு வந்த கையோடு வீட்டுக்குப் போய்விடுவார். எட்டு மாதம் சிறையில் இருந்தும், குற்றவாளி என்று தீர்ப்பு வந்தும், எந்த டிசம்பர் 31லும் அவர் தண்டனைக் கைதியாக எண்ணப்படுவதில்லை! 2022இல் 5,73,220 கைதிகளில் தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர்தான். 4,34,302 பேர், நூற்றுக்கு 76 பேர், விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேரின் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மீதி ஒரு பங்கை வைத்து நாட்டின் குற்றத்தை அளக்கிறோம் என்கிறார்கள். நெஞ்சு பொறுக்கவில்லை, நடுவர் அவர்களே.

எதிரணியிடம் ஒரே ஒரு ஆண்டைப் பற்றிக் கேட்கிறேன். 2019இல் தண்டனைக் கைதிகள் சுமார் 1,44,000 பேர். 2020இல் 1,12,589 பேர். ஒரே ஆண்டில் முப்பதாயிரத்துக்கும் மேல் குறைந்தது. குற்றம் குறைந்ததா? அதே 2020இல் பதிவான கொலை வழக்குகள் 29,193. முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய ஒரு சதவீதம் அதிகம். அப்படியானால் என்ன நடந்தது? கொரோனாவால் நீதிமன்றங்கள் முடங்கின, தீர்ப்புகள் தேங்கின. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் அமைக்கச் சொன்ன உயர்நிலைக் குழுக்கள் வழியாகத் தண்டனைக் கைதிகள் பலர் பரோலில் போனார்கள். அதே நேரம் விசாரணைக் கைதிகள் சுமார் 3,30,000 பேரிலிருந்து 3,71,848 ஆகப் பெருகினார்கள். எண்ணை ஏற்றி இறக்கியது குற்றவாளியின் கையா, நீதிமன்றக் கதவா?

மாநிலங்களை ஒப்பிட்டார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர். அதிலும் இதே கோளாறுதான். வழக்கு விசாரணை இல்லாமலே முன்னெச்சரிக்கையாக அடைக்கப்படும் தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. அப்படி அடைக்க வழிசெய்யும், 1982இல் வந்த குண்டர் சட்டத்தை இங்கே எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. பக்கத்து மாநிலத்தான் நம்மைவிட யோக்கியன் என்பதற்கு அது சான்று ஆகாது.

குற்றத்தைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன என்றால், தொகுப்புரைக்கு வரும் எதிரணித் தலைவர் எங்களுக்கு மூன்று கணக்குகளைக் காட்டட்டும். அந்த ஆண்டில் புதிதாகத் தண்டனை பெற்றவர்கள் குற்ற வாரியாக எத்தனை பேர்? அவர்களில் விசாரணைக் காலத்தைக் கழித்து அன்றே வெளியே போனவர்கள் எத்தனை பேர்? உள்ளே இருக்கும் ஆயுள் கைதிகளில் 14 ஆண்டு முடிந்தும் விடுதலைக் கோப்பு நகராமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? இவை மூன்றும் இல்லாமல் அந்த அட்டவணையை இந்த மேடையில் சான்றாக ஏற்கக் கூடாது என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.