கால் இடுக்கில் உலகம் பார்த்தவர்கள்

நண்பர்களே, அமெரிக்கன் ஃபுட்பாலை டிவியில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் நாலைந்து கைகள் எழும். ஒரு சென்டரின் பெயர் சொல்லுங்கள் என்றால் அவையும் இறங்கிவிடும். பந்தை வீசுகிறவரைத் தெரியும், வாங்கிக்கொண்டு ஓடுகிறவரைத் தெரியும். பந்தை எடுத்துக் கொடுக்கிற இந்த சென்டரை யாருக்குத் தெரியும்?

இத்தனைக்கும், காசு வாங்கி ஆடியதாகக் கணக்கேட்டில் பதிவான முதல் ஆளே ஒரு லைன்மேன்தான்; சென்டரைப் போலவே முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கிறவர். 1892 நவம்பர் 12, பிட்ஸ்பர்க். சென்டருக்குப் பக்கத்து இடமான கார்டில் ஆடிய பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கருக்கு 500 டாலர். எதிரணி தவறவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார். அன்றைக்கு அதற்கு நாலு புள்ளி. 4-0. கொடுத்த காசு வீண்போகவில்லை.

சென்டருக்கு வருகிறேன். 1920இல் ஒஹையோவின் கான்டன் நகரில், ஒரு கார் ஷோரூமில் உட்கார்ந்து இன்றைய என்.எஃப்.எல் லீக்கைத் தொடங்கினார்கள். அன்றைய ஆட்டத்தில் பந்தை வாங்குகிறவர் பல அடி தள்ளி நிற்பார். சென்டர் குனிந்து, தன் கால் இடுக்கு வழியே தலைகீழாக அவரைப் பார்த்துப் பந்தை எறிய வேண்டும். எதிரே நிற்பவனோ அந்தக் குனிந்த தலைக்காகவே காத்திருப்பான். ஹெல்மெட் கட்டாயமானது 1943இல்தான்! எறிந்த கையோடு நிமிர்ந்து அவனைத் தடுக்க வேண்டும். பந்து எதிரணிக்குப் போனால் இவரே தற்காப்புக்கும் நிற்க வேண்டும். மாற்று ஆள் சுலபமாகக் கிடையாது.

இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வருவான்? ஜார்ஜ் டிராஃப்டன் மாதிரி ஆள்தான். 1920 முதல் 1932 வரை, 1922 நீங்கலாக, இன்றைய சிகாகோ பேர்ஸ் அணிக்காரர். பந்தை இப்படிப் பின்னால் கொடுக்கும் ஸ்னாப்பை ஒற்றைக் கையால் செய்வதை வழக்கமாக்கிய முதல் சென்டர் என்பார்கள். முரட்டு ஆட்டம். ராக் ஐலண்ட் ஊர்க்காரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது; அடிக்கத் துரத்தினார்கள். ஒருமுறை அங்கே வசூலான 7,000 டாலரை பேர்ஸ் அணியை நடத்திய ஜார்ஜ் ஹாலஸ் இவரிடம் கொடுத்து வைத்தாராம். காரணத்தை ஹாலஸே பின்னால் சொன்னார்: கலவரம் வந்தால் நான் பணத்துக்காக ஓடுவேன், டிராஃப்டன் உயிருக்காக ஓடுவான். யார் வேகமாக ஓடுவார் என்று நீங்களே சொல்லுங்கள்.

1940இல் அதே பேர்ஸ் அணி வாஷிங்டனை 73-0 என்று நசுக்கியது. பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக், சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்தைக் கையிலேயே வாங்கும் டி வியூகம் அதன்பிறகு நாடெங்கும் பரவியது. சென்டர் தலையை நிமிர்த்த முடிந்தது. அந்த 73-0 ஆட்டத்தில் சென்டராக ஆடிய புல்டாக் டர்னர், எதிரணி வீசிய பந்தையும் பறித்துக்கொண்டு போய் டச்டவுன் போட்டார். 1942இல் எட்டு முறை இப்படிப் பறித்து லீக்கிலேயே முதலிடம்.

ஆனால் பழைய தலைகீழ் வேலையில் மன்னர் என்றால், என்னைக் கேட்டால், மெல் ஹெய்ன். 1931இல் நியூயார்க் ஜயன்ட்ஸில் ஆட்டத்துக்கு 150 டாலர் சம்பளத்தில் சேர்ந்தவர். பதினைந்து சீசன். தாக்குதலிலும் இவர், தற்காப்பிலும் இவர். அத்தனை காலத்தில் தன் காயத்துக்காக ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி டைம்-அவுட் கேட்டது ஒரே ஒரு தடவை, மூக்கு உடைந்தபோது. 1938இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை இவருக்குக் கொடுத்தார்கள். அஃபென்சிவ் லைனில், அதாவது தாக்கும் அணியின் முன்வரிசையில் ஆடுகிற வேறு யாருக்கும் அந்த விருது இன்றுவரை போகவில்லை.