ஒட்டிக்கொண்டே ஓடும் வாயுக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆய்வுக்கூடத்தில், இல்லாத கசிவு ஒன்றை இரண்டு நாட்கள் தேடியிருக்கிறேன். நுண்துளைக் கரித்தகடு ஒன்றைக் குழாய்க்குள் பொருத்தி, ஒரு பக்கம் வாயுவை நிரப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேருகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். முதலில் ஹீலியம்; கணக்கிட்டபடியே வந்தது. அடுத்து கார்பன் டை ஆக்சைடு. அதன் மூலக்கூறு 11 மடங்கு கனமானது என்பதால், ஹீலியம் வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் வந்திருக்க வேண்டும். அளவி காட்டியதோ அதைவிட மிக அதிகம். இணைப்புக்கு இணைப்பு சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை.

நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட பாதை ஒன்று அந்தத் தகட்டுக்குள் இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நுண்துளைகள் பெருகும்படி பதப்படுத்திய கரியைச் செயலூட்டிய கரி என்கிறோம். அதில் ஒரு கிராமின் உட்பரப்பை எல்லாம் விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். கால் ஏக்கர் நிலம் ஒரு சிட்டிகைக் கரிக்குள் மடிந்து கிடக்கிறது. அதன் துளைகள் பலவும் சில நானோமீட்டர் அகலமே உள்ளவை. சாதாரண அழுத்தத்தில் காற்றின் மூலக்கூறு ஒன்று இன்னொன்றின் மேல் மோதுமுன் ஏறத்தாழ 70 நானோமீட்டர் பறக்கும். அத்தனை குறுகிய துளைக்குள் அது சக மூலக்கூறைச் சந்திப்பதே அரிது, சுவரில்தான் மோதிக்கொண்டிருக்கும். இந்த ஓட்டத்தை டென்மார்க்கின் மார்ட்டின் நட்சன் 1909-இல் ஆராய்ந்தார். மூலக்கூறின் எடை கூடக்கூட, அந்த எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஓட்டம் குறையும். 11-இன் வர்க்கமூலம் 3.3. என் கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் சுவரில் மோதும் மூலக்கூறுகள் எல்லாமே உடனே திரும்பிவிடுவதில்லை. பல அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பரப்பு கவர்தல் என்கிறோம். ஒட்டியது அதே இடத்தில் உறைந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. போதிய ஆற்றல் கிடைத்ததும் பக்கத்து இடத்துக்குத் தாவுகிறது. சுவரை விட்டு முழுதாக விடுபடத் தேவையான ஆற்றலைவிடத் தாவுவதற்குத் தேவையானது குறைவு. பல சமயம் பாதியளவே. எனவே விடுபடுவதற்குள் பல முறை தாவிவிடுகிறது. இதுதான் பரப்பு விரவல்.

பெர்லினில் மாக்ஸ் ஃபோல்மரும், அவரிடம் ஆய்வு செய்த இந்தியரான கங்காதர் அதிகாரியும், 1920-களின் நடுவில், கண்ணாடிப் பரப்பின் மேல் பென்சோபீனோன் என்னும் கரிமச் சேர்மத்தின் மூலக்கூறுகள் நகர்வதை நிறுவினார்கள். பின்னாளில் இடதுசாரி இயக்கத் தலைவராக அறியப்பட்ட அதே அதிகாரிதான் இவர். கரிக்குள் கார்பன் டை ஆக்சைடு இப்படி நகர்வதை விக்கே, காலன்பாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1941-இல் எழுதினார்கள். என் அளவியில் கூடுதலாகத் தெரிந்தது அந்த ஓட்டம்தான். ஹீலியம் அறை வெப்பநிலையில் சுவரில் அனேகமாக ஒட்டுவதே இல்லை. அதனால்தான் அதை முதலில் அளக்கிறோம்: துளையின் நடுவே உள்ள காலி இடம் வழியே மட்டும் எவ்வளவு போகும் என்பதை அது காட்டிவிடும். மற்ற வாயுவில் அதற்கு மேல் வருவது சுவர் வழியே வந்தது.

எனக்கு இன்றும் வியப்பு தருவது வெப்பத்தின் விளைவு. சூடாக்கினால் தாவல் வேகமாகும். அப்படியானால் ஓட்டமும் கூட வேண்டுமே! பெரும்பாலும் குறைகிறது. சூடு ஏறும்போது ஒட்டியிருப்பவற்றின் எண்ணிக்கை அதைவிட வேகமாகச் சரிகிறது. ஒவ்வொன்றும் விரைந்து நடக்கிறது, நடப்பதற்கு ஆள்தான் குறைந்துவிடுகிறது. கூட்டத்துக்கும் பங்கு உண்டு. வாயு முதலில் நிரப்புவது சுவரின் பிடிப்பு மிகுந்த இடங்களை. அவை நிரம்பியபின் வருபவை தளர்வான இடங்களில் அமர்கின்றன. அவற்றுக்கு நகர்வது எளிது. ஆகவே, ஒட்டிய அளவு கூடும்போது நகர்வும் விரைவாவதைப் பல கரிகளில் காண்கிறோம்.

இந்த நகர்வை வேலைக்கு அமர்த்தவும் முடிந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் மதுகர் ராவ், சிவாஜி சர்க்கார் ஆகிய இருவரும், ஏறத்தாழ 0.5 முதல் 0.7 நானோமீட்டர் துளைகள் கொண்ட கரிச்சவ்வு ஒன்றை உருவாக்கினார்கள். ஹைட்ரஜனும் ஹைட்ரோகார்பன்களும் கலந்த வாயுவை அதன் முன் வைத்தால், சிறிய ஹைட்ரஜன்தான் முதலில் நுழையும் என்று யாரும் எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. பெரிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் துளைச்சுவரில் ஒட்டி, நகர்ந்து, மறுபக்கம் போய்விடுகின்றன. போகும் வழியில் துளையையும் அடைத்துக்கொள்வதால் ஹைட்ரஜனுக்கு இடம் கிடைப்பதில்லை. அது தூய்மை கூடி, உயர் அழுத்தம் குறையாமல் இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தம் ஏற்றச் செலவிட வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.